மட்கார்டில் ஒரு கழுதை

வங்கி வரிசையில் முன்னால் நிற்கும் மனிதரின் தோளில் இருந்த மஞ்சள் புள்ளியை நம் ஆள் நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் யாரென்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. மனிதர் திடுக்கிட்டுத் திரும்பியதும், "அசையாம நில்லுங்க. முட்டைதான். காஞ்சு போயிருக்கு, உதிர்ந்துடும்" என்றார். அந்த மனிதரும் மறுபேச்சில்லாமல் திரும்பி நின்றுகொண்டார். வேலை முடிந்ததும் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமலே பணம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

தெருமுனையில் டிரை கிளீனிங் கடை வைத்திருப்பவர் இவர். ஊர் இவருக்கு வைத்த பெயர் கறைக்காரர். கறையை எடுக்கிறவனுக்குக் கறைக்காரன் என்று பெயர் வைப்பது என்ன நியாயம் என்று முதலில் முணுமுணுத்துப் பார்த்தார். இப்போது போனை எடுத்தாலே "கறைக்காரர் பேசறேன்" என்கிறார். ஒல்லியான உடம்பு. காதோரம் நரை. பேன்ட்டின் பின்பாக்கெட்டில் நான்காக மடித்த வெள்ளைத் துணி ஒன்று எப்போதும் இருக்கும். எங்கே போனாலும், மேசையோ கதவுப் பிடியோ அடுத்தவர் கண்ணாடியோ, எதையாவது அந்தத் துணியால் ஒரு தடவு தடவாமல் திரும்ப மாட்டார்.

கறை விஷயத்தில் அவருக்கென்று ஒரு கொள்கை உண்டு. "கறையப் பாத்தா கோவப்படக் கூடாதுங்க. பக்கத்துல உக்காந்து விசாரிக்கணும். எங்கேர்ந்து வந்தே, எப்ப வந்தே, யாரு கூட வந்தே. மூணும் தெரிஞ்சிடுச்சுன்னா அது தானா கிளம்பிடும்." மூன்றும் தெரிந்தாலும் வெளியே சொல்ல மாட்டார். அந்த ஒரு குணத்துக்காகவே ஊரில் பல குடும்பங்கள் அவருக்கு நன்றிக்கடன் பட்டிருக்கின்றன.

இப்படிப்பட்ட ஆள் ஒரு துருப்பிடித்த டிராக்டரிடம் மனதைப் பறிகொடுத்ததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? அவ்வளவு பெரிய கறையை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. டிராக்டர் என்றதும் வயலை உழுகிற வண்டி என்று நினைத்துவிடாதீர்கள். ஒருவர் ஏறி உட்கார்ந்து புல் வெட்டிக்கொண்டே போகிற தோட்ட டிராக்டர். ஒரு சோபா அளவுதான் இருக்கும். மனைவியின் அப்பா தன் பெரிய தோட்டத்துக்காக அந்தக் காலத்தில் வாங்கியது. அவரும் போய், வீடும் கைமாறப் போகிற நேரத்தில், மனைவியின் அண்ணன் போன் செய்தார். அவர் பல் டாக்டர். எதையுமே பிடுங்கிப் போட்டுவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பவர். "மாப்பிள்ளை, அந்தப் பழைய டப்பாவ இரும்புக்காரன்கிட்ட போடப் போறேன். வேணும்னா வந்து அள்ளிக்குங்க."

கறைக்காரர் போய்ப் பார்த்தார். துரு, அதன்மேல் பச்சைப் பெயின்ட், அதன்மேல் மறுபடியும் துரு, எல்லாவற்றுக்கும் மேல் புறா எச்சம். "ஐயோ பாவம்" என்றார், வழி தவறி நிற்கும் குழந்தையைப் பார்த்த மாதிரி. துணியை எடுத்து ஒரு ஓரத்தைத் துடைத்தார். அவ்வளவுதான், ஆள் காலி.

பிரச்சினை, வண்டியை எங்கே வைப்பது என்பது. வீட்டில் இருந்தது ஒரே ஒரு கார் ஷெட். அதில் நின்றது மனைவியின் கார். அவர் மனைவி டிரைவிங் பள்ளி நடத்துகிறார்; ஊரில் பாதிப் பேரை ஸ்டியரிங் பிடிக்க வைத்தவர். புருஷன் உட்பட எல்லோரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். டீச்சர் காரை வெயிலில் நிறுத்திவிட்டு ஷெட்டை விட்டுக்கொடுப்பாரா? எப்படிக் கேட்பது என்று கறைக்காரர் மென்று விழுங்கிக்கொண்டிருக்கும்போதே, "தாராளமா கொண்டாங்க" என்றுவிட்டார் டீச்சர். அப்போதே இவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எங்கே வந்தது?

வண்டி வந்து இறங்கியதும் டீச்சர் அவரைக் கையைப் பிடித்து இழுத்துப் போய், சீட்டுக்கு இடது பக்கம் சக்கரத்தை மூடியிருக்கும் மட்கார்டில், ஓட்டுகிறவரின் முழங்காலை ஒட்டி வருகிற இடத்தில் டார்ச் அடித்துக் காட்டினார். உள்ளங்கை அளவுக்கு ஒரு கழுதை. ஆணியால் கீறிய கழுதை. வால் மேல்நோக்கித் தூக்கி, நுனியில் ஒரு கொத்து முடி. மூக்கின்மேல் வட்டமாக ஒரு மூக்குக்கண்ணாடி.

"எங்க அண்ணன்" என்றார் டீச்சர்.

டீச்சருக்கு ஒன்பது வயசாக இருந்தபோது நடந்த கதை. அப்போதே சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருந்த அண்ணன், டிராக்டரை நேராகக் கொண்டுபோய்ச் சுவரில் முட்டி முன்விளக்கை உடைத்தான். அப்பாவிடம் போய், "தங்கச்சிதான்ப்பா ஏறினா" என்று கூசாமல் சொன்னான். அப்பாவும் நம்பிவிட்டார். அன்றிலிருந்து அவள் அந்த வண்டியில் கால் வைக்கவே கூடாது என்று உத்தரவு. அன்றைக்கே ஆணியை எடுத்து வந்து அவள் போட்டதுதான் இந்தக் கழுதை. அண்ணன் காலேஜுக்குப் போகும்வரை இந்தக் கழுதையின்மேல் முட்டியைச் சாய்த்துக்கொண்டுதான் தோட்டத்தைச் சுற்றிவந்தான். குனிந்து பார்க்கவே இல்லை. ஆனால் பழைய கதையை மட்டும் விடவில்லை. நாலு சொந்தக்காரர்கள் கூடிவிட்டால் போதும், "ஒம்பது வயசுலயே டிராக்டர சுவத்துல விட்டவ எங்க தங்கச்சி. இன்னிக்கு அவதான் ஊருக்கே டிரைவிங் சொல்லித் தர்றா" என்று ஆரம்பித்துவிடுவார். எல்லோரும் சிரிப்பார்கள். டீச்சரும் சிரித்துவைப்பார். அந்தச் சிரிப்பு எத்தனை வருஷமாக அவர் தொண்டையில் நிற்கிறது என்பது கறைக்காரருக்கே அன்றுதான் தெரிந்தது.

"வண்டி ரெடியானதும் அவன வரவெச்சு, இதுக்கு முன்னாடி குனிய வெக்கணும்" என்றார் டீச்சர். "நானே உடைச்சிருந்தா எனக்கு எதுக்கு இவ்ளோ கோவம் வந்திருக்கும்? அவன் வாயாலயே சொல்ல வெக்கணும். ஏங்க, வண்டிய நீங்க என்ன வேணா பண்ணிக்குங்க. இந்த ஒரு எடத்த மட்டும் தொடாதீங்க."

"தொடுவேனா?" என்றார் கறைக்காரர். சொல்லும்போது அவருடைய கை பின்பாக்கெட்டுக்குப் போய்த் திரும்பியதை இருவருமே கவனிக்கவில்லை.

வேலை தொடங்கியது. கழற்றிய ஒவ்வொரு பாகத்துக்கும் கடையில் துணிக்குக் குத்துகிற சீட்டு ஒன்று. போல்ட்டு, நட்டு எல்லாம் பட்டன் டப்பாக்களில். கார்பரேட்டருக்கு மட்டும் பட்டுத் துணிக்குக் குத்துகிற ரோஸ் சீட்டு, யாரும் முரட்டுத்தனமாகக் கையாளக் கூடாது என்று. இன்ஜின் பக்கம் டீச்சர் பார்த்துக்கொண்டார். அவர் சமையலறையில் நின்றபடியே, "இழுக்குது, பெட்ரோல் போதல" என்பார். இவர் ஷெட்டில் திருகுவார். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது மட்டும் இவருடைய தனி ராஜ்ஜியம். முரட்டுத் தாள், நடுத்தரத் தாள், சன்னத் தாள், கடைசியில் சோப்புத் தண்ணீர் தொட்டு ஒரு தாள். சாப்பிட உட்கார்ந்தால் மேசை விளிம்பைக்கூட விரலால் தடவி, "இதுவும் சொரசொரன்னு இருக்கு" என்பார். டீச்சர் தட்டை நகர்த்தி வைத்துக்கொள்வார்.

நிறம் கண்டுபிடித்த கதையைச் சொல்லாவிட்டால் பாவம். சீட்டைக் கழற்றியபோது அடியில் வெயில் படாத இடத்தில் வண்டியின் அசல் சிவப்பு கிடைத்தது. அதைச் சுரண்டி எடுத்துப்போகாமல், பெயின்ட் கடைக்காரரிடம் வாயாலேயே சொல்லிப் பார்த்தார் நம் ஆள். "தக்காளி சாஸ் இல்ல. பீட்ரூட்டும் இல்ல. லிப்ஸ்டிக். சட்டைக் காலர்ல ஒட்டி ரெண்டு நாள் ஆன லிப்ஸ்டிக்." கடைக்காரர் ஒரு நிமிஷம் கண்ணை மூடி யோசித்தார். பிறகு கலந்து கொடுத்தார். கொண்டுவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இம்மி பிசகவில்லை. "அவருக்கு எப்படி அவ்ளோ சரியா தெரிஞ்சுது?" என்று டீச்சர் கேட்டதற்கு, "அதெல்லாம் நான் வெளிய சொல்றதில்ல" என்றுவிட்டார்.

பெயின்ட் அடித்த பாகங்கள் தூசி படாமல் காய வேண்டுமே? ஷெட்டில் காற்று அடிக்கும். பாகங்களைக் கடைக்குக் கொண்டுபோய், கோட்டு சூட்டுகளோடு கம்பியில் தொங்கவிட்டு பாலிதீன் உறை மாட்டினார். ஒரு நாள் கோட்டு வாங்க வந்த வக்கீலிடம் கடையில் வேலை செய்யும் இஸ்திரிக்காரர் சீட்டைச் சரியாகப் பார்க்காமல் டிராக்டரின் மூக்கு மூடியை எடுத்து நீட்டிவிட்டார். வக்கீல் உறைக்கு மேலாகவே அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லா சுத்தம் பண்ணியிருக்கீங்க. ஆனா இது என்னுதில்ல" என்றாராம்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை.

டீச்சர் ஒரு மாணவியைக் கூட்டிக்கொண்டு பெரிய ரோட்டுக்குப் போயிருந்தார். ஷெட்டில் கறைக்காரரும் மட்கார்டும் மட்டும். மட்கார்டு முழுக்கத் தேய்த்து வெள்ளி மாதிரி இருந்தது, கழுதை நின்ற இடத்தைத் தவிர. நடுவில் அந்த ஒரு திட்டுப் பழைய பெயின்ட் அவர் கண்ணை உறுத்தியது. வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்து பார்த்தார். முதுகில் உறுத்தியது. அருகில் போய்ப் பார்த்தால், திட்டின் ஓரத்தில் மெல்லிய துருக்கோடு. துரு உள்ளே போனால் கழுதைக்கே ஆபத்தில்லையா? "ஓரத்த மட்டும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஓரத்தைத் தேய்த்தார். ஒரு பக்கம் அதிகமாகத் தேய்ந்துவிட்டது. சரி, மறுபக்கத்தையும் சமப்படுத்துவோம் என்றார். சமப்படுத்தியதில் வால் நுனி விளிம்புக்கு வந்துவிட்டது. நுனிக்குக் கீழே ஒரு புள்ளி துரு. நுனிதானே, போனால் என்ன? போனது. நுனி இல்லாத வால் அசிங்கமாக இருந்தது. அதையும் எடுத்தார். வால் இல்லாத கழுதையைப் பார்க்கச் சகிக்கவில்லை. அதற்குப் பிறகு கை அவர் பேச்சைக் கேட்கவில்லை.

வாசலில் ஹாரன் கேட்டபோது மட்கார்டு குழந்தையின் கன்னம் மாதிரி வழுவழுவென்று இருந்தது. உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்த்து, "சுத்தம்" என்றார் மனநிறைவோடு. அதற்கப்புறம்தான் என்ன செய்துவிட்டோம் என்பது உறைத்தது. கைக்கு அகப்பட்ட செய்தித்தாளைக் கிழித்து அந்த இடத்தில் வைத்து, நாலு பக்கமும் டேப் ஒட்டினார்.

"என்ன இது?" என்று கேட்டுக்கொண்டே வந்தார் டீச்சர்.

"பெயின்ட் படக் கூடாதுல்ல. பத்திரமா மூடி வெச்சிருக்கேன்."

டீச்சர் அந்தத் தாளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "எனக்காகன்னு யாரும் இப்படி ஒண்ண பத்திரமா வெச்சதில்லங்க" என்றார். சொல்லிவிட்டு உள்ளே போய் அவருக்குக் காபி போட்டுக் கொண்டுவந்தார். அவர் குடித்து முடிப்பதற்குள் டீச்சர் அண்ணனுக்குப் போன் போட்டுவிட்டார். "அண்ணா, வண்டி கிட்டத்தட்ட ரெடி. அடுத்த மாசம் வந்து பாரு. உனக்கு ஒண்ணு காட்டணும்."

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று கறைக்காரர் எத்தனையோ தடவை வாயைத் திறந்தார். "காருக்கு டயர்ல காத்து கம்மியா இருக்கு" என்றுதான் வெளியே வந்தது. ஊர் உலகத்தின் கறையையெல்லாம் உட்கார வைத்து விசாரித்தவர், தன்னை யாராவது விசாரிக்க மாட்டார்களா என்று ஏங்கினார். தாளுக்கு அடியில் வெறும் இரும்பு துருப்பிடிக்குமே என்ற கவலை வேறு. ஆளில்லாத நேரம் பார்த்து அங்கேயும் சிவப்பு அடித்து, காய்ந்ததும் தாளை மறுபடி ஒட்டிவிட்டார். அந்த இடத்துப் பெயின்ட்டுதான் வண்டியிலேயே மிக நன்றாக அமைந்தது. அதை யாரிடம் சொல்லிக்கொள்வது?

கடைசியில் கழுதையைத் தானே போட்டுவிடுவது என்று முடிவு செய்தார். பாலிஷ் டப்பா மூடிகளில் ஆணியால் கீறிப் பழகினார். கடையில் வேலை ஓடவில்லை. இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஒரு மூடியை எடுத்துப் பார்த்தார். நிதானமான ஆள், துணியைத் தவிர எதற்கும் பதறாதவர்.

"முயலா முதலாளி?"

"கழுதை."

அவர் மூடியைத் திருப்பிப் பிடித்தார். "இப்படிப் பாத்தா நாற்காலி மாதிரி இருக்கு." இன்னொரு மூடியை எடுத்தார், அதையும் வைத்தார். "வால் மட்டும் ஜோரா வருது உங்களுக்கு. மத்ததெல்லாம் வேற ஏதோ. கீழ கழுதைன்னு எழுதிடுங்க முதலாளி, வம்பே இல்ல."

கறைக்காரர் மூடிகளையெல்லாம் ஒரு பையில் போட்டு மேசைக்கு அடியில் தள்ளினார். டீச்சரின் கழுதையை அவரால் போட முடியாது என்பது தெளிவாகிவிட்டது.

அண்ணன் வந்த நாள். பல் டாக்டர் வெள்ளை பேன்ட்டில் வந்து இறங்கினார். வண்டியைப் போர்த்தியிருந்த படுக்கை விரிப்பைக் கறைக்காரர் இழுத்ததும், சும்மா சொல்லக் கூடாது, மனிதர் கொஞ்சம் அசந்துதான் போனார். ஷெட்டுக்குள் ஒரு பெரிய சிவப்புப் பழம் உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது. எந்தப் பக்கம் குனிந்தாலும் முகம் தெரிந்தது. சுற்றிவந்து முன்விளக்கின்மேல் கை வைத்தார். "இந்த லைட்தான் மாப்பிள்ளை. ஒம்பது வயசுலயே டிராக்டர சுவத்துல விட்டவ" என்று ஆரம்பித்தார்.

"அண்ணா" என்றார் டீச்சர். "இங்க வா. குனி."

அண்ணன் குனிந்தார். டீச்சர் டேப்பை ஒவ்வொரு பக்கமாக, ரொம்ப ஆசையாக உரித்தார். தாள் கையோடு வந்தது. அடியில் பளபளவென்று சிவப்பு. அதில் அண்ணனின் முகம் தெரிந்தது, வேறொன்றும் இல்லை.

"நல்லா இருக்கு" என்றார் அண்ணன். "என்ன காட்டணும்னே?"

டீச்சர் கையிலிருந்த தாளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு புருஷனைப் பார்த்தார். சிக்னலைத் தாண்டிப் போன மாணவனைப் பார்க்கிற பார்வை முதலில் வந்தது. அது கலைந்து, ஒன்பது வயசுப் பெண்ணின் முகமாக ஆனது. அதைத்தான் கறைக்காரரால் தாங்க முடியவில்லை.

"நான்தான் எடுத்துட்டேன்" என்றார். "ஓரத்துல துரு இருந்துச்சு. ஓரத்த மட்டும்னுதான் ஆரம்பிச்சேன். ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தேன் டீச்சர். பயமா இருந்துச்சு."

"எத எடுத்தீங்க மாப்பிள்ளை?"

"கழுதைய."

"எந்தக் கழுதைய?"

கறைக்காரர் டப்பாவைத் துழாவி ஒரு ஆணியை எடுத்தார். கொசு உட்கார்ந்தால்கூட அவர் பதறி, இடுக்கியோடு ஓடிவந்து காத்த பெயின்ட் அது. ஆணியைத் துணியில் துடைத்து, தலைப்பக்கம் டீச்சர் கைக்கு வருகிற மாதிரி நீட்டினார்.

"மறுபடி போடு."

"பெயின்ட்டு?"

"போடு டீச்சர்."

டீச்சர் முட்டி போட்டு உட்கார்ந்தார். ஆணி இறங்கியது. கிறீச்சென்ற அந்தச் சத்தத்துக்குப் பல் டாக்டர் மட்டும்தான் முகம் சுளிக்கவில்லை. தினமும் கேட்கிற சத்தம். கறைக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். முதலில் காது இரண்டு. பிறகு முதுகு, வயிறு, நாலு கால். அண்ணன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "பரவால்லியே, இன்னும் மறக்கல நீ" என்று ரசித்துக்கொண்டிருந்தார். அப்போது ஆணி கழுதையின் மூக்கின்மேல் ஒரு வட்டம் போட்டது. பக்கத்தில் இன்னொரு வட்டம். இரண்டையும் சேர்த்து ஒரு கோடு.

அண்ணனின் கை மெல்லத் தன் கண்ணாடிக்குப் போனது. "இத எப்ப போட்டே?"

"லைட்டு உடைஞ்ச அன்னிக்கு. அப்பாகிட்ட நீ என் பேர சொன்ன அன்னிக்கு. நீ காலேஜ் போற வரைக்கும் உன் முட்டி இதும்மேலதான் இருந்துச்சு."

அண்ணன் தன் முட்டியைப் பார்த்தார், பிறகு கழுதையைப் பார்த்தார்.

"என் கண்ணாடி இவ்ளோ பெருசா இல்ல" என்றார் பல் டாக்டர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "சுவரு கிட்ட வந்துடுச்சு. பிரேக்குன்னு நெனச்சு வேற எதையோ மிதிச்சுட்டேன்."

"எத மிதிச்சே?" மாணவர்களிடம் கேட்கிற அதே குரலில் கேட்டார் டீச்சர்.

"தெரியல. கண்ண மூடிட்டேன்."

"கண்ண மூடினா ஃபெயில்" என்றார் டீச்சர். சொல்லும்போதே சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணும் நிறைந்தது. அண்ணன் தங்கையின் தலையில் கை வைத்து, "ஃபெயில்தான் போ" என்றார்.

டீச்சர் கழுதையின்மேல் இருந்த சிவப்புத் தூளை ஊதினார். கறைக்காரர் திரும்பினார். கை தானாகப் பின்பாக்கெட்டுக்குப் போய்த் துணியை உருவியது. பாதி தூரம் வந்த துணி அப்படியே நின்றது. தலையைச் சாய்த்து, கறையைப் பார்க்கிற மாதிரி கழுதையைப் பார்த்தார்.

"வால் போடலியே."

"எப்படி இருந்துச்சுன்னு ஞாபகம் வரல" என்றார் டீச்சர்.

"எனக்கு இருக்கு."

அந்த வெள்ளைத் துணியைத் தரையில் விரித்து, அதன்மேல் முட்டி போட்டு, டீச்சர் கையிலிருந்து ஆணியை வாங்கி, தன்னுடைய சிவப்பில் ஒரே இழுப்பாக இழுத்தார்: மேல்நோக்கித் தூக்கிய வால், நுனியில் ஒரு கொத்து முடி.